சுவரைப் பிளக்கும் பசுமை
வளைகுடாவின் வீட்டுத் தோட்டங்களும் அங்கு மரமேறும் எம்மவரும்

வளைகுடா என்றதும் மணலும் எண்ணெய்க் கிணறுமே எம்மில் பலரது மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால் டுபாயின் ஜுமேரா, அபுதாபியின் முஷ்ரிப் போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகளிலும், அல் ஐன் நகரத்திலும், உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் பல்லாண்டு வயதுடைய தோட்டங்கள் உள்ளன. பேரீச்சையும் வேம்பும் வாகையும் காகிதப்பூவும் அங்கே செழித்து நிற்கின்றன. அவற்றுக்கு நீர் வார்ப்பவரும் கிளை கழிப்பவரும் பெரும்பாலும் தென்னாசியத் தொழிலாளரே. எம்மவர் குடும்பங்களில் ஒரு தமையனோ மைத்துனரோ அவ்வாறு அங்கே உழைத்திருக்காத குடும்பங்கள் குறைவு. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் வந்து சேருமுன் சில ஆண்டுகளை அங்கே கழித்தவர்களும் எம்மிடையே உள்ளனர். அந்த மரங்களைப் பற்றியும், அவற்றை வெட்டச் சொல்லி ஏற்றிவிடப்படும் மனிதரைப் பற்றியும் எழுத வேண்டிய தேவை இருப்பதாக நாம் கருதுகிறோம்.

இத்தோட்டங்களில் இன்று அதிகம் வெட்டப்படும் மரம் எதுவெனக் கேட்டால், தோட்டவேலை தெரிந்தவர்கள் தயங்காமல் ‘டமாஸ்’ என்பார்கள். தாவரவியலார் இதனைக் கொனோகார்ப்பஸ் லான்சிபோலியஸ் என அழைப்பர். எமது மருதமரமும் கடுக்காய் மரமும் சேர்ந்த அதே குடும்பம். சோமாலியா, ஜிபூட்டி, யேமன் ஆகியவை இதன் தாயகம். உப்புநீரையும் கொடுவெயிலையும் தாங்கும். ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். நட்ட இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அயலவரின் பார்வையை மறைக்கும் வேலியாகிவிடும். வெறும் மணலில் புதுவீடு கட்டியவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வளைகுடா முழுவதிலும் மதிலோரங்களில் வரிசை வரிசையாக இது நடப்பட்டது.

யாழ்ப்பாணத்துக் கதியால் வேலியை அறிந்தவர்களுக்கு இவ்விடயம் எளிதில் விளங்கும். பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் எம் வேலிகளில் நின்றன. ஆட்டுக்குக் குழை வெட்டியும், தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்த்தும், ஆண்டுதோறும் அவற்றை ஓர் அளவுக்குள் வைத்திருந்தோம். டமாஸ் வேலிக்கு அப்படியொரு பயனில்லை. அதன் இலைக்குழை குப்பைவண்டிக்கே போகிறது. ஆகவே கத்தரிப்பதற்குச் செலவிட மனமில்லாத வீட்டுக்காரர் அதை விட்டுவிடுகிறார். விட்ட மரம் இருபது மீற்றர் வரை எழக்கூடியது.

மேலே எழுவதைக் கண்ணால் காணலாம். கீழே நடப்பதுதான் காணக்கிடைப்பதில்லை. வளைகுடாவில் மழை சொற்பம். தோட்டத்துக்கு வருவது கடல்நீரைச் சுத்திகரித்த நீர் அல்லது கழிவுநீரைச் சுத்திகரித்த நீர். அதுவும் சொட்டுக்குழாய் வழியே வருகிறது. எனவே ஈரம் எங்கேயோ அங்கேயே வேர் ஓடுகிறது. வேர் குழாயை முட்டி உடைக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் குழாய்ப் பொருத்தில் கசியும் சிறு ஈரமே அதனை அழைக்கிறது. மயிரளவு நுண்வேர் அந்தப் பொருத்தினுள் நுழைந்து, உள்ளே நீரும் உரமும் கண்டு தடிக்கிறது. பின்னர்தான் குழாய் வெடிக்கிறது, நடைபாதைக் கல் எழும்புகிறது, மதில் பிளக்கிறது. குவைத்திலும் தென் ஈராக்கிலும் இதே முறைப்பாடுதான். இந்தியாவும் இதைத் தாமதமாகவே உணர்ந்தது. குஜராத் அரசு 2023இலும் தமிழ்நாடு அரசு 2025இலும் இம்மரத்தை நடுவதற்குத் தடை விதித்தன.

வெட்டுவது என முடிவானபின் அதை யார் வெட்டுவது என்பதே இங்கு கேள்வி. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் அயலவர் மதில், நடுவே நீச்சல்தடாகம்: இத்தகைய இடத்தில் மரத்தை முழுதாகச் சாய்க்க வழியில்லை. தேர்ந்தவர்கள் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக இறக்குவார்கள். ஒவ்வொரு கிளையும் வெட்டப்படுமுன் வடத்தில் கட்டப்படும். கீழே நிற்பவர் அதை மெல்லத் தளர்த்துவார். ஏறியவரின் உடலைத் தாங்கும் கயிறும் கிளையை இறக்கும் வடமும் ஒன்றாக இருத்தல் ஆகாது.

கனமான கிளைக்கு மூன்று வெட்டுகள். முதலில் அடிப்புறத்தில் ஒரு சிறு வெட்டு; அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது; கிளை விழுந்தபின் எஞ்சிய முண்டை நீக்க மூன்றாவது. முதலாவதைத் தவிர்த்தால் விழும் கிளை தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மூன்றாவது வெட்டு, கிளை தண்டோடு சேருமிடத்தில் காணப்படும் தடித்த வளையத்தைத் தொடக்கூடாது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து விளக்கிய உண்மை இது: மரம் எம் உடலைப்போலக் காயத்தை ஆற்றுவதில்லை, காயத்தைச் சுற்றி அரண் கட்டி அடைத்துவிடுகிறது. அந்த அரண் எழுவது அவ்வளையத்தில்தான். வெட்டுவாயில் தார் பூசும் பழைய வழக்கத்தால் சாதாரண மரங்களுக்குப் பயனில்லை என்பதையும் அவரது ஆய்வுகள் காட்டின.

மரத்தை முழுதாகச் சாய்க்க இடமிருந்தாலும் கணக்கு ஒன்று உண்டு. தண்டு ஐம்பது சென்ரிமீற்றர் விட்டமெனில், விழவேண்டிய பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுப்பார்கள். பின்பு எதிர்ப்புறமிருந்து வாளைச் செலுத்தி, நடுவே ஐந்து சென்ரிமீற்றர் அளவு மரத்தை வெட்டாமல் விடுவார்கள். அந்த மிச்சம்தான் கதவின் பிணைச்சல்போல நின்று மரத்தை வழிநடத்துகிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் எப்பக்கம் போகும் என யாராலும் சொல்ல முடியாது.

டமாஸைப் பொறுத்தவரை, வெட்டி முடித்ததும் வேலை முடிவதில்லை. மரக்குற்றியிலிருந்து சில வாரங்களில் கொத்தாகத் தளிர்விடும். குற்றியை இயந்திரத்தால் அரைத்தோ வேரோடு தோண்டியோ எடுக்காதவர், அடுத்த ஆண்டும் கூலி கொடுக்க நேரும். கூலியைக் குறைத்துப் பேசுபவர் தவிர்ப்பதும் இந்த இறுதி வேலையைத்தான்.

எல்லா மரங்களையும் இவ்வாறு அகற்றிவிட முடியாது. ‘காஃப்’ என அரபியர் அழைக்கும் மரம் ஐக்கிய அரபு இராச்சியத்தின் தேசிய மரம், சட்டத்தால் பாதுகாக்கப்படுவது. 2019ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மையின் ஆண்டாக அந்நாடு அறிவித்தபோது இதனையே சின்னமாகக் கொண்டது. வீட்டு வளவினுள் நின்றாலும் அனுமதியின்றி வெட்டலாகாது. வாசகர்களுக்கு இது வேற்றுமரமல்ல. எமது வன்னிமரமே இது. விருத்தாசலம் கோயிலின் தலமரம் இது. நவராத்திரி முடிவில் எம்மூர்க் கோயில்களில் நடைபெறும் மானம்பூத் திருவிழாவில் வாழையோடு நாட்டப்படுவதும் இதன் கிளையே. ராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்தில் 1730இல் அரசனின் ஆட்கள் இம்மரங்களை வெட்ட வந்தபோது, அவற்றைக் கட்டியணைத்து நின்று 363 பிஷ்னோய் மக்கள் உயிர்துறந்தனர். பஹ்ரெய்ன் பாலைவனத்தில் தன்னந்தனியே நிற்கும் சுமார் நானூறு ஆண்டுகள் பழமையான ‘வாழ்வின் மரம்’ கூட வன்னியே. டமாஸ் சொட்டுக்குழாயை நம்பி வாழ, இது நிலத்தடி நீரைத் தேடி ஆழ வேர்விட்டு வாழ்கிறது. மதிலோரத்தில் இதை நட்டிருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் வன்னி மெதுவாகவே வளரும். புதுவீட்டுக்காரருக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை.

அடிக்கடி சிறிதளவு நீர் வார்ப்பதால் தோட்டமரங்களின் வேர்கள் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். 2024 ஏப்ரல் 16இல் பெருமழை பெய்தது. அல் ஐன் பகுதியில் ஒருநாளைக்குள் 254 மில்லிமீற்றர் பதிவாகியது. 1949இல் பதிவுகள் தொடங்கியபின் அந்நாடு காணாத மழை. அத்தகைய நாளில் மண் சேறாகும்போது, மேலே பாரமும் கீழே ஆழமின்மையும் கொண்ட மரம் சாய்வதில் வியப்பில்லை.

இனிப் பேரீச்சை. மேற்சொன்னவற்றைவிட எம்மவரின் உயிரோடு நெருங்கிய விடயம் இதுவே.

எமது தென்னைகளைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டை வாசகர் அறிவர். தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் தாயகமாகக் கொண்ட இவ்வண்டு 1980களின் நடுப்பகுதியில் வளைகுடாவை அடைந்தது. அங்கிருந்து 1992இல் எகிப்து, 1990களின் நடுப்பகுதியில் ஸ்பெயின், 2006இல் பிரான்சின் தென்கரை என அது பரவியது. அழகுக்காக வளர்ந்த மரங்களைப் பெயர்த்துக் கப்பலில் ஏற்றியவர்களே அதற்கு வழிகாட்டிகள். எல்லைகளைக் கடக்க எம்மவர் பட்ட பாட்டில் நூறில் ஒரு பங்கும் அது படவில்லை.

பெண்வண்டு மரத்தின் காயங்களிலும் அடிக்கன்றுகளின் இடுக்குகளிலும் இருநூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். புழுக்கள் தண்டின் உட்புறத்தைத் தின்று குடைகின்றன. வெளியே மரம் பச்சையாகவே நிற்கும். பனைக்கும் தென்னைக்கும் போலப் பேரீச்சைக்கும் வளரும் குருத்து ஒன்றே. அது போனால் மரம் போயிற்று. தண்டிலிருந்து புளித்த மணத்தோடு வடியும் கபிலநிற நீர், துளைவாயில் சவைத்த தும்பு, ஒருபக்கம் சரிந்த குருத்து ஆகியவை அறிகுறிகள். தொடக்கத்தில் கண்டால் தண்டினுள் மருந்து செலுத்திக் காப்பாற்ற வாய்ப்புண்டு. வண்டுகளை ஈர்க்கும் மணப்பொருள் 1993இல் இனங்காணப்பட்டபின் வாளிப் பொறிகளும் பயன்படுகின்றன. முற்றிய மரத்தை வெட்டித் துகளாக்கி அழிக்க வேண்டும். தோட்ட மூலையில் போட்டுவைத்தால் அயல்மரங்களுக்கும் அதுவே நோயூற்று. பச்சை மட்டையை வெட்டிய புதுக்காயத்தின் மணம் வண்டை அழைக்கும் என்பதால், மட்டை கழிப்பதைக் குளிர்மாதங்களில் வைத்துக்கொள்வதும் வெட்டுவாய்களுக்கு மருந்திடுவதும் நன்று. மற்ற மரங்களுக்கு வேண்டாமென்ற பூச்சு இங்கே வேண்டியிருக்கிறது.

பேரீச்சையில் ஏறுவதற்கு அந்நாட்டார் ‘ஹாபூல்’ எனும் கருவியை வழிவழியாகப் பயன்படுத்துகின்றனர். மரத்தையும் ஏறுபவரின் முதுகையும் ஒருசேரச் சுற்றிவரும் கயிற்றுப்பட்டி அது. தளைநாரில் கால்வைத்துப் பனையேறிய எமது சீவல் தொழிலாளர் அதை ஒரே நாளில் கற்றுக்கொள்வர். ஆயினும் மரம் உறுதியாக நிற்கும் என்ற நம்பிக்கையின் மீதே அக்கருவி அமைந்துள்ளது. வண்டு குடைந்த மரம் நடுவில் முறிந்தால், தன்னை அதனோடு பிணைத்துக்கொண்டவரும் அதனோடேயே வீழ்வார். ஆகவே ஏறுமுன் தண்டைத் தட்டிப் பார்ப்பதும் அடியைச் சுற்றி வந்து பார்ப்பதும் ஒருபோதும் தவிர்க்கக்கூடியவை அல்ல. ஐயமிருப்பின் மரத்தில் சாராத தூக்குமேடையில் நின்றே வெட்ட வேண்டும். தூக்குமேடையை வாடகைக்கு எடுக்கப் பணம் வேண்டும். தோட்டக்காரரை ஏற்றிவிட ஒரு சொல் போதும்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்குவதற்கு 2005 முதல் தடையுள்ளது. கட்டாரில் 2021இலிருந்து யூன் 1 தொடக்கம் காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை தடை. மதிலுக்குள் இருக்கும் வீட்டுத் தோட்டத்தில் இதை யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கு நாம் நல்ல பதிலொன்றைக் காணவில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் அங்கு உறவினர் உள்ளவர்கள் விசாரித்தறிவது நல்லது. நிறுவனமொன்றின் தொழிலாளியாகச் சென்றவருக்கு 2021ஆம் ஆண்டின் தொழிற்சட்டம் பொருந்தும். வேலையில் இறந்தால் இருபத்துநான்கு மாத அடிப்படைச் சம்பளம் குடும்பத்துக்குச் சேரவேண்டும். அது 18,000 திர்ஹாமுக்குக் குறையவோ இரண்டு இலட்சத்துக்குக் கூடவோ இயலாது. காயமுற்றால் மருத்துவச் செலவு முதலாளியுடையது. தனியார் வீடொன்றின் தோட்டக்காரராகச் சென்றவரோ வீட்டுப் பணியாளர் தொடர்பான 2022ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின்கீழ் வருகிறார். பூச்செடிக்கு நீர் வார்க்க அழைக்கப்பட்டவரிடம் இயந்திர வாளைக் கொடுத்துப் பன்னிரண்டு மீற்றர் உயரத்துக்கு ஏறச் சொல்வது அவரது ஒப்பந்தத்தில் இல்லாத வேலை. வேலை அனுமதியில் எழுதப்பட்ட தொழில் எது, ஒப்பந்தத்தின் பிரதி எங்கே உள்ளது என்பவற்றை அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது கேட்டு, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டமாஸ் வேலிகளையும் பேரீச்சை மட்டைகளையும் கழிக்கும் காலம் ஒக்ரோபரில் தொடங்குகிறது.