மருந்துக்கு மசியாத மூட்டைப்பூச்சி

உந்துவப் போயாவில் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால், மே மாதத்து வெசாக் வரை மலையடிவார நல்லதண்ணியில் பாய் தலையணைக்கு ஓய்வில்லை. 2,243 மீற்றர் உயர உச்சியில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் முன்னிரவில் வந்து படுத்து, நடுநிசி தாண்டியதும் எழுந்து படியேறப் போய்விடுவார்கள். மறுநாள் அதே மெத்தையில் வேறு ஊர்க்காரர். காலியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த பைகள் ஒரே மூலையில் குவிந்து கிடக்கும். மூட்டைப்பூச்சிக்குச் சிறகு கிடையாது, தாவவும் தெரியாது. பையின் தையலுக்குள் புகுந்து உட்கார்ந்தபடிதான் அது ஊர்விட்டு ஊர் போகிறது. தங்குமிடங்களில் படுக்கை விரிக்கிறவர்களில் பலர் வேலை முடிந்து திரும்புவது சுற்றியுள்ள தோட்டத்து லயங்களுக்கு. ஆகவே விடுதிப் பூச்சி வேறு, லயத்துப் பூச்சி வேறு என்று பிரித்துப் பேச முடியாது.

பூச்சி கண்ணில் பட்டதும் நம் கை முதலில் போவது மருந்துப் போத்தலுக்கு. கடந்த இருபது வருட ஆராய்ச்சியைப் படித்தால், அந்தப் போத்தலைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும் என்று தெரிகிறது.

கடிக்குப் பின்னால்

முதிர்ந்த மூட்டைப்பூச்சி 5 முதல் 7 மில்லிமீற்றர் நீளம். தட்டையான பழுப்பு உடம்பு, இரத்தம் குடித்ததும் உருண்டு சிவந்துவிடும். பத்து நிமிடத்துக்குள் குடித்து முடித்து இடுக்குக்குத் திரும்பிவிடும். கடித்த தடிப்பு சிலருக்கு உடனே எழும்பும், சிலருக்குப் பல நாள் கழித்து எழும்பும், இன்னும் சிலருக்கு எதுவுமே தெரியாது. ஒரே பாயில் படுத்த அக்கா சொறிந்துகொண்டிருக்க, தங்கச்சி "எனக்கு ஒண்ணும் கடிக்கலையே" என்பாள். இருவரையும் கடித்திருக்கும்.

தோட்டப் பகுதிகளில் இதைச் சிரங்கோடு குழப்பிக்கொள்வது சாதாரணம். இரண்டும் இரவில் அரிக்கும். சிரங்குச் சிற்றுண்ணி தோலுக்குள்ளேயே குடியிருக்கிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று மூடிய இடங்களிலும் அரிக்கும். மூட்டைப்பூச்சி வெளியே திறந்திருக்கும் கழுத்து, கை, முகம், கால் ஆகியவற்றைத் தேடிக் கடிக்கும். சிரங்குக் களிம்பை வாரக்கணக்கில் பூசியும் அரிப்பு அடங்கவில்லை என்றால், மெத்தையின் ஓரத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

நுளம்பு மலேரியாவைப் பரப்புவதுபோல் மூட்டைப்பூச்சி எந்த நோயையும் மனிதரிடையே பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை. அதனால் இதைச் சில்லறைத் தொல்லை என்று தள்ளிவிடுகிறோம். காலையில் மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டிய பெண் இரவெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்தால் அது சில்லறைத் தொல்லையா? சொறிந்த புண்ணில் கிருமி ஏறுவது இன்னொரு கேடு. பூச்சி மிக அதிகமாக இருக்கும் வீட்டில் குழந்தைகளின் இரத்தச் சோகைக்கு இந்தக் கடியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று வெங்கடாசலம், பெலவாடி ஆகிய இந்திய ஆய்வாளர்கள் 1962-லேயே எழுதினார்கள். இரத்தச் சோகை ஏற்கெனவே இருக்கும் தோட்டக் குடும்பங்களில் அதை மறந்துவிட முடியாது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் மற்றொன்றைக் கண்டார்கள். பூச்சி இருக்கும் வீட்டுத் தூசியில் ஹிஸ்டமின் என்ற பொருள், பூச்சியில்லாத வீட்டைவிடப் பல மடங்கு அதிகம். பூச்சியின் எச்சத்திலிருந்து வருவது அது. ஒவ்வாமையின்போது நம் உடம்பு சுரக்கும் அதே பொருள். பூச்சியை ஒழித்து மாதங்கள் ஆன பின்னும் தூசியில் அது குறையவில்லை. செத்த பூச்சியோடு வேலை முடிவதில்லை, சுவரையும் தரையையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மருந்து ஏன் பிடிப்பதில்லை

1940-களில் டி.டி.டி. வந்தபோது உலகெங்கும் மூட்டைப்பூச்சி ஒழிந்தது என்றே நினைத்தார்கள். 1947-இலேயே ஹவாய்த் தீவின் பேர்ள் துறைமுகப் படைக்குடியிருப்பில் டி.டி.டி.க்குச் சாகாத பூச்சிகள் அகப்பட்டன. இலங்கையிலும் மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களில் டி.டி.டி.யும் பிறகு மலத்தியோனும் பல்லாண்டு அடிக்கப்பட்டன. நுளம்புக்கு அடித்த மருந்து, அதே சுவரின் வெடிப்பில் இருந்த மூட்டைப்பூச்சியையும் தொட்டது. அதில் தப்பியவற்றின் சந்ததியைத்தான் இன்று பார்க்கிறோம்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கருணாரத்னவும் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கைப் பூச்சிகளிடம் பலவகை மருந்துகளுக்கு எதிர்ப்பு இருப்பதைக் காட்டினார்கள். 2019-இல் அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுவுக்குள்ளேயே போய்ப் பார்த்தார்கள். கடையில் கிடைக்கும் நுளம்பு ஸ்பிரே, சுருள் முதலியவற்றில் இருப்பது பெரும்பாலும் பைரித்ரொயிட் வகை மருந்து. அது பூச்சியின் நரம்பில் ஒரு வாசலைத் திறந்தபடியே நிறுத்திவிடும், பூச்சி துடித்துச் சாகும். இங்குள்ள பூச்சிகளில் அந்த வாசலின் அமைப்பே மாறியிருக்கிறது, மருந்து ஒட்டுவதில்லை. உள்ளே போன விஷத்தை உடைக்கும் நொதிகளும் அவற்றில் அதிகம். மேல்தோல் தடித்த பூச்சிகளில் மருந்து இறங்கவே நேரமாகிறது என்று அவுஸ்திரேலிய ஆய்வொன்று 2016-இல் காட்டியது.

போத்தலில் "பரிசோதிக்கப்பட்டது" என்று அச்சிட்டிருந்தால், எந்தப் பூச்சியில் என்று கேட்கத் தோன்றும். ஹரோல்ட் ஹார்லன் என்ற அமெரிக்க இராணுவப் பூச்சியியலாளர் 1973-இல் நியூ ஜேர்சியின் போர்ட் டிக்ஸ் முகாமில் பிடித்த பூச்சிகளைத் தன் சொந்த இரத்தத்தைக் குடிக்கவிட்டு ஆண்டாண்டாக வளர்த்தார். மருந்தே படாமல் வளர்ந்த அந்தச் சந்ததி உலகத்து ஆய்வுகூடங்களுக்கெல்லாம் போனது. ஒப்பிட்டுப் பார்க்க அது அவசியம்தான். ஆனால் அதைக் கொன்ற மருந்து நம் ஊர்ப் பூச்சியையும் கொல்லும் என்று யாரும் உறுதி தர முடியாது.

எலிக்கு வைப்பதுபோல் விஷத்தீனி வைக்கலாமே என்றால் அதுவும் ஆகாது. குஞ்சு முதல் கிழடு வரை இரத்தம் தவிர வேறெதையும் அது வாயில் வைக்காது. கரப்பானைக் கொல்லும் போரிக் பவுடர் இதனிடம் தோற்பது அதனால்தான்.

ஏறத் தெரிந்த கால்

உலகில் மனிதரைக் கடிக்கும் மூட்டைப்பூச்சிகளில் முக்கியமானவை இரண்டு இனம். குளிர்நாட்டினது ஒன்று, வெப்பநாட்டினது ஒன்று. இலங்கையில் பெரும்பாலும் காண்பது இரண்டாவது. வெளிநாட்டில் கட்டில் காலுக்கடியில் வைக்க வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணப் பொறி விற்கிறார்கள். உள்ளே விழுந்த பூச்சி சுவரில் வழுக்கி ஏற முடியாமல் கிடக்கும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இரண்டு இனத்தையும் இந்தக் கிண்ணங்களில் விட்டுப் பார்த்தார்கள், 2017-இல் முடிவு வெளியானது. குளிர்நாட்டுப் பூச்சி மாட்டிக்கொண்டது. நம் ஊர்ப் பூச்சியில் முதிர்ந்தவை நான்கு வகைப் பொறிகளிலிருந்தும் ஏறித் தப்பின. நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன் காலில் ஒட்டிப் பிடிக்கும் மயிர்கள் மற்றதைவிட அதிகம்.

பூச்சியின் கால்மயிரை எண்ணுவது யாருக்கு என்ன பயன் என்று சிரிக்கலாம். பிறநாட்டுப் பொறியை விலைகொடுத்து வாங்கி ஏமாறாமல் இருப்பது நமக்குப் பயன். கட்டில் காலைத் தகரப் பேணியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கம் இங்கே மேலானது, தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்தால் இன்னும் நல்லது. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், விறகடுப்பு எரியும் காம்பராவில் அது தீயை அழைக்கும். கட்டில் சுவரில் தொடாமலும் கம்பளி தரையில் தொங்காமலும் இருந்தால்தான் பேணிக்கு வேலை.

கால் விஷயத்தில், போஞ்சி விளையும் நுவரெலியா மாவட்டத்துக்குப் பிடித்த ஒரு செய்தியும் உண்டு. போல்கன் நாடுகளில் முன்பு இரவில் போஞ்சி இலையைத் தரையில் பரப்பி, காலையில் அதில் சிக்கிய பூச்சிகளோடு சேர்த்து எரித்துவிடுவார்களாம். கலிபோர்னியா, கென்டக்கி ஆய்வாளர்கள் 2013-இல் அதன் காரணத்தைக் காட்டினார்கள். இலையின் நுண்ணிய கொக்கிகள் பூச்சியின் பாதத்தைக் குத்தி நிறுத்திவிடுகின்றன. செயற்கையாக அதே கொக்கிகளைச் செய்தும் இலையளவுக்குப் பிடிக்கவில்லை. போஞ்சித் தோட்டம் வைத்திருப்பவர் முயன்று பார்க்கலாம். நடந்து வருபவை மட்டுமே சிக்கும், இடுக்கில் உள்ளவை அப்படியே இருக்கும்.

வாசனையைத் தேடி

பகலில் பூச்சிகள் ஒரே இடுக்கில் கூட்டமாக ஒண்டிக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் சேர்த்துவைக்கும் வாசனை எது என்று கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் ரெஜின் கிரீஸ், கெர்ஹார்ட் கிரீஸ் தம்பதியர் பல ஆண்டு தேடினார்கள். ஆய்வுக்கான பூச்சிகளுக்கு ரெஜின் தன் கையையே நீட்டினார். வாங்கிய கடி ஏறத்தாழ 1,80,000. 2014-இல் விடை கிடைத்தது: ஆவியாகும் சில பொருட்கள் பூச்சியைக் கூப்பிடுகின்றன, பூச்சி உரித்த தோலில் உள்ள ஹிஸ்டமின் அதை அங்கேயே இருக்கச் செய்கிறது.

மருந்தில்லாமல் பூச்சி இருக்கிறதா என்று கண்டறியும் பொறிகளுக்கு இது வழி திறந்தது. நமக்கு உடனடிப் பாடம் வேறு. உரிந்த தோலும் கரும்புள்ளி எச்சமும் கிடக்கும் இடத்தை வெறுமனே தட்டிவிட்டால் மற்றவை திரும்ப அங்கேதான் வரும். சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெடிப்பைச் சீமெந்து பூசி அடைக்க வேண்டும்.

ஒரு காம்பராவை மட்டும் சுத்தம் செய்தால்

லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பரா. பழைய லயங்களில் நடுச்சுவர் பல இடத்தில் கூரையைத் தொடுவதில்லை. சுவரில் ஒட்டிய பத்திரிகைத் தாள், சாமிப்படச் சட்டத்தின் பின்புறம், பலகைக் கட்டிலின் பொருத்து, எல்லாம் பூச்சிக்கு வீடு. ஒரு குடும்பம் மருந்தடித்தால் பூச்சி பக்கத்துக் காம்பராவுக்குப் போய், வாசனை அடங்கியதும் திரும்பும்.

அமெரிக்காவில் 223 வீடுகள் கொண்ட ஒரு மாடிக் குடியிருப்பில் முதல் பூச்சி வந்து 41 மாதத்துக்குள் 101 வீடுகளுக்குப் பரவிவிட்டது என்று 2010-இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. அந்த வீட்டுக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தங்கள் வீட்டில் பூச்சி இருப்பதே தெரியாது. லயத்தில் தெரிந்தாலும் சொல்வதில்லை, வெட்கம். மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை, நம் மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் தேடி வருகிறது. நட்சத்திர ஹோட்டலிலும் வரும். லயம் முழுவதும், பிள்ளைக் காம்பராவும் சேர்த்து, ஒரே நாளில் பார்க்கச் சொல்லித் தோட்ட நிர்வாகத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சீசனுக்கு முன், நவம்பருக்குள் செய்தால் பலன் அதிகம்.

சூடு, குளிர், நாள் கணக்கு

மலைக் குளிரில் பூச்சி சாகும் என்று நம்பாதீர்கள். குளிரில் அதன் வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். பசி தாங்கும் நாள் அதற்கேற்பக் கூடும், மாதக்கணக்கில் இரத்தமின்றிக் கிடக்கும். பூட்டிவைத்த விடுதி அறையில் அடுத்த சீசன்வரை காத்திருக்கவும் முடியும்.

சூடுதான் அதற்கு எமன். ஐம்பது பாகை தாண்டினால் பூச்சி நிமிடங்களில் சாகும், முட்டைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் வேண்டும். துணியை 60 பாகை வெந்நீரில் அரைமணி நேரம் வைத்தால் முட்டையும் மிஞ்சாது. கட்டில் இடுக்கில் கொதிநீரை மெதுவாக ஊற்றலாம், கைகாலில் படாமல். பனிமூட்டத்து வெயிலில் மெத்தையைக் காயப்போடுவது போதாது, பூச்சி நிழல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும்.

கம்பளியை வெந்நீரில் போட்டால் சுருங்கும் என்பவர்களுக்கு பிரித்தானிய ஆய்வொன்று வழி சொல்கிறது. பச்சைத் தண்ணீரில் 24 மணி நேரம் முழுதாக மூழ்கவைத்தால் பூச்சியும் குஞ்சும் செத்துவிடும், முட்டை மட்டும் பிழைக்கும். முட்டை சூட்டில் ஆறு முதல் பத்து நாளில் பொரிக்கும், நம் குளிரில் இன்னும் தாமதிக்கும். பொரித்த குஞ்சு ஐந்து முறை தோலுரித்தால்தான் முட்டையிடும் வயதுக்கு வரும், அதற்கு வாரங்கள் ஆகும். எனவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று தடவை ஊறவைத்தால், புதுக் குஞ்சுகள் முட்டையிடும் முன்பே சிக்கிவிடும். பூச்சியின் நாட்காட்டி தெரிந்தால் காசில்லாமலும் அடிக்கலாம்.

கட்டிலில்லாமல் பாயில் படுப்பவர்கள் ஒருவகையில் கொடுத்துவைத்தவர்கள். மெத்தை ஓரமும் பலகைப் பொருத்தும் இல்லாததால் தேட வேண்டிய இடம் குறைவு.

புகையூட்டும் முன்

2025 பெப்ரவரித் தொடக்கத்தில் கொழும்பு விடுதி ஒன்றில் தங்கியிருந்த இரண்டு வெளிநாட்டு இளம்பெண்கள் உயிரிழந்தார்கள். சில நாள் முன் அங்கே மூட்டைப்பூச்சிக்குப் புகையூட்டியிருந்ததாகச் செய்திகள் வந்தன. தானியக் கிடங்கில் புகையூட்டவென்று விற்கும் அலுமினியம் பொஸ்பைட் மாத்திரை, ஈரக்காற்று பட்டதும் பொஸ்பின் வாயுவை விடும். கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும், அந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. தூங்குகிற அறைக்கு அது எந்தக் காரணத்துக்காகவும் ஆகாது. தேயிலைக்கு அடிக்கும் மருந்தில் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் தெளிப்பதும் அதே வகை ஆபத்துதான், குழந்தை அந்தப் பாயில்தான் தவழும்.

மருந்து தவிர்க்க முடியாத நிலை வந்தால், வீட்டு உபயோகத்துக்கெனப் பதிவுபெற்றதை மட்டும் வாங்கி, இடுக்குகளில் மட்டும் இட வேண்டும். பூச்சியின் மேல்தோல் மெழுகை உறிஞ்சி அதை உலரவைக்கும் சிலிக்காத் தூள், நரம்பு மாறிய பூச்சியையும் கொல்லும். முகக்கவசம் கட்டிக்கொண்டு மெல்லியதாகத் தூவுங்கள், படுக்கையில் தூவாதீர்கள்.

புகையூட்டிய அல்லது மருந்தடித்த இடத்தில் இருந்தவருக்கு வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம் என்று எது வந்தாலும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். வாந்தியெடுக்க வைக்க முயல வேண்டாம். மருந்து டப்பாவையோ அதன் உறையையோ வைத்தியசாலைக்குக் கையோடு எடுத்துப் போங்கள், என்ன விஷம் என்று வைத்தியருக்கு உடனே தெரியும்.