தைராய்டு மாத்திரை போட்டும் எடை குறையலையா? ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிவிட்டது, எடை மட்டும் அப்படியே நிற்கிறதே ஏன்? தைராய்டு குறைபாடு உள்ள பலரும் டாக்டரிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘காலையில் வெறும் வயிற்றில்’ என்று மாத்திரைச் சீட்டில் எழுதியிருக்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ரூமுக்குத் திரும்புகிறவருக்கு எது காலை?

இது யாரோ சிலருடைய பிரச்சினை இல்லை. சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவாகச் சுரப்பது தெரியவந்தது. பெண்களில் கிட்டத்தட்ட 16 சதவீதம், ஆண்களில் 5 சதவீதம். குறைபாடு இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பரிசோதனைக்கு முன்பு அது தெரியவே தெரியாது. இந்தப் பகுதியின் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அவர்களில் எத்தனை பேர் அசதியை ‘ஷிஃப்ட் அசதி’ என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

எடை எவ்வளவுதான் ஏறும்?

இங்கேதான் பலருக்கும் ஏமாற்றம். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் விளக்கப்படி, குறைபாட்டால் நேரடியாக ஏறுவது பொதுவாக 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பகுதி கொழுப்பு இல்லை. உடலில் தங்கும் உப்பும் நீரும். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் அந்த நீர் வடியும். அதற்கு மேல் 10, 15 கிலோ ஏறியிருந்தால் முழுப் பழியையும் தைராய்டு மேல் போட முடியாது. கேட்க கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: டி.எஸ்.ஹெச் அளவு சரியான பிறகு, எடை குறைப்பது மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியேதான் உங்களுக்கும்.

அதனால் டோஸை நீங்களே கூட்டிக்கொள்ளாதீர்கள். ‘ரெண்டு மாத்திரை போட்டா சீக்கிரம் மெலியலாம்’ என்பது ஆபத்தான யோசனை. தேவைக்கு மேல் போனால் நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும். நீண்ட நாள் தொடர்ந்தால் எலும்பும் தேயும்.

ஷிஃப்ட் மாறும்போது மாத்திரை எப்போது?

லெவோதைராக்ஸின் மாத்திரைக்குக் கடிகாரத்தைவிட வயிறுதான் முக்கியம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அந்த ‘எதுவும்’ என்பதில் டீ, காபியும் அடக்கம்! காபி இந்த மாத்திரையை உடல் கிரகிப்பதைக் குறைக்கிறது.

பகலில் தூங்கி மாலையில் எழுகிறவர், எழுந்ததும் போடலாம். இல்லாவிட்டால் தூங்கப் போகும்போது, கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆன பிறகு. நெதர்லாந்தில் 90 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், படுக்கும்போது எடுத்தவர்களுக்கு டி.எஸ்.ஹெச் இன்னும் நன்றாகக் குறைந்தது. வேறு சில ஆய்வுகளில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எது வசதியோ அதை டாக்டரிடம் சொல்லி முடிவு செய்து, அதிலேயே நில்லுங்கள். இந்த மருந்தின் பாதி அளவு உடலை விட்டு வெளியேறவே சுமார் ஒரு வாரம் ஆகும். ஷிஃப்ட் மாறுகிற அன்று சில மணி நேரம் முன்பின் ஆனால் பதற்றப்பட வேண்டாம். தினமும் டீ பிஸ்கட்டோடு போடுவதுதான் பிரச்சினை.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையோ, கால்சியம் மாத்திரையோ எடுக்கிறீர்களா? இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரம் இடைவெளி கட்டாயம். குப்பியை வெயிலில் காயும் தகரக் கூரை அறையில், ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் மருந்தின் வீரியம் குறையும்.

பரிசோதனையிலும் ஒரு விஷயம். டி.எஸ்.ஹெச் இயல்பாகவே இரவில் ஏறும். தூங்காமல் விழித்திருந்தால் இன்னும் ஏறும். நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு ரத்தம் கொடுத்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுங்கள். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும்.

சரி, சாப்பாடு?

முட்டைகோஸ், காலிஃபிளவரை அடியோடு நிறுத்தச் சொல்லும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளை நம்ப வேண்டாம். சமைத்து அளவாகச் சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. கணக்குப் பார்க்க வேண்டியது டீயைத்தான். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால், ஷிஃப்டில் ஐந்து டீக்கு சர்க்கரையில் மட்டும் 160 முதல் 200 கலோரி. கூட வரும் வடையும் பஜ்ஜியும் தனி. கேன்டீனில் சோறு அளவில்லாமல் கிடைக்கும், அதுதான் சிக்கல். தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து முட்டை, சுண்டல், பருப்பு, பொரியலைக் கூட்டுங்கள். நடுராத்திரியில் முழுச் சாப்பாடு வேண்டாம்; ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்பே வயிறார சாப்பிட்டுவிட்டு, இடையில் லேசாக ஏதாவது போதும்.

திருமணமானவர்கள் கவனிக்க: கர்ப்பம் தரித்தால் மருந்தின் தேவை சீக்கிரமே கூடும். தெரிந்த உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அடுத்த செக்கப் வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

செலவை யோசித்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் நீங்கள் ஈ.எஸ்.ஐ-க்குள் வருவீர்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும் சரி, சம்பளத்தில் 0.75 சதவீதம் அதற்காகப் பிடிக்கப்படுகிறது. பே ஸ்லிப்பில் அந்த வரியைப் பாருங்கள். இருந்தால் உங்கள் ஈ.எஸ்.ஐ மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்கலாம், மாத்திரையும் அங்கேயே வாங்கலாம்.