கண்மாய் யார் கையில்? கரிசல் பூமியில் காலநிலையும் கிராம சபையும் சந்திக்கும் இடம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே அதிகம் தெரிவது இரண்டுதான். ஒன்று கரிசல் நிலம், இன்னொன்று சீமைக் கருவேலம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், கருவேலங்காடு போலத் தெரியும் பல இடங்கள் காடே இல்லை, கண்மாய்! கரை இருக்கும், மடை இருக்கும். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முள் நிற்கும்.

அந்த முள்ளை யார் வெட்டுவது? வெட்டிய மரத்தை யார் ஏலம் விடுவது? தூர்வாரும் வண்டல் மண் விவசாயியின் வயலுக்குப் போகுமா, வேறு எங்காவது லாரி ஏறுமா? சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சின்ன ஊர்ப் பிரச்சினையாகத் தோன்றலாம். ஆனால் காலநிலை மாற்றம், ஜனநாயகம் என்று உலகம் தனித்தனியாகப் பேசும் இரண்டு விஷயங்களும் இந்த வானம் பார்த்த பூமியில் ஒன்றாக வந்து நிற்பது இந்தக் கேள்விகளில்தான். எப்படி? பார்க்கலாம்.

கண்மாய்க்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம்?

விருதுநகர் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் வற்றாத ஆறு கிடையாது. திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகப் போகும் குண்டாற்றில்கூட வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய வரவு. அந்த மூன்று மாத மழையைப் பிடித்து வைக்க முன்னோர்கள் வெட்டியதுதான் கண்மாய்ச் சங்கிலி. மேலே இருக்கும் கண்மாய் பெருகி மறுகால் போனால், அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு. நடுவில் ஒரு வரத்துக்கால் அடைபட்டாலும் கீழே இருக்கும் ஊர் காயும்.

இப்போது காலநிலை மாற்றம் இந்தக் கணக்கைக் கலைக்கிறது. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7% அதிக ஈரப்பதத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். அதனால் பெய்யும்போது மொத்தமாகக் கொட்டுவதற்கான வாய்ப்பு கூடுகிறது.

தென் தமிழ்நாடு இரண்டு முனைகளையும் பார்த்துவிட்டது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62% குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது.

ஒரு வருஷம் பொய்க்கும், ஒரு வருஷம் கொட்டும் என்றால், கொட்டுவதைப் பிடித்துவைத்துப் பொய்க்கும் காலத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். அது இங்கே ஏற்கெனவே இருக்கிறது, பெயர் கண்மாய். ஆக, இந்த ஊர்களில் காலநிலை நடவடிக்கை என்பது கண்மாயைக் காப்பாற்றுவதிலிருந்து தொடங்குகிறது.

அப்போ ஜனநாயகம் எங்கே வருது?

கண்மாய் யாருடையது என்ற கேள்வியில்தான் வருகிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள பெரிய கண்மாய்கள் மாநில அரசின் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. ஆனால் மடையைத் திறக்கவும் மூடவும் நீர்பாய்ச்சி வைத்திருந்ததும், கரை உடையாமல் ராத்திரி காவல் கிடந்ததும் ஊர்தான். குடிமராமத்து என்ற பழைய சொல்லுக்கு அர்த்தமே அதுதான்.

இன்றைய சட்டத்தில் 'ஊர்' என்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கிராம சபை. 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் அதற்கு இடம் கொடுத்தது. 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதை ஊருக்குள் கொண்டுவந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 11-வது அட்டவணை சொல்லும் 29 துறைகளில் சிறுபாசனம், நீர் மேலாண்மை, சமூகக் காடு வளர்ப்பு எல்லாம் உண்டு.

சட்டமன்றத்துக்கு நாம் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். கிராம சபைக்கு அப்படி யாரையும் அனுப்ப வேண்டாம். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் நேரடியாக உறுப்பினர். வரவு செலவு கேட்கலாம், திட்டத்துக்கு ஒப்புதல் தரலாம், தீர்மானம் கொண்டுவரலாம்.

வறட்சி வந்தது, தலைவர் இல்லை

தமிழ்நாட்டில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மறு அறிவிப்பு தள்ளிக்கொண்டே போனது. விருதுநகர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்தான். அதாவது, 62% மழை குறைந்த அந்தப் பருவத்திலும் அடுத்து வந்த மூன்று ஆண்டுகளிலும் இந்த ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள்.

அதே கதை திரும்பியது. 2019-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. அந்த வருஷம் முழுக்கத் தேர்தல் நடக்கவில்லை. விருதுநகர் மாவட்டத்தின் 450 கிராம ஊராட்சிகளும் மறுபடி தனி அலுவலர் கைக்குப் போயின.

தனி அலுவலர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பிரச்சினை இல்லை. குடத்தோடு போய்க் கதவைத் தட்ட ஊரிலேயே ஒரு வீடு இருக்கிறதா, அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் பிரச்சினை.

இந்த இடைவெளியில் மிச்சம் இருப்பது கிராம சபை மட்டும். அதுவும் எப்போதும் நிச்சயம் இல்லை. வேளாண் சட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் போடப் பல ஊர்களில் தயாராகியிருந்த 2020 அக்டோபர் 2-ல், கொரோனாவைக் காரணம் காட்டிக் கடைசி நேரத்தில் கூட்டங்கள் ரத்து செய்யப்பட்டன. 'தன்னாட்சி' போன்ற அமைப்புகள் கிராம சபையை முறையாக நடத்த வேண்டும் என்று தொடர்ந்து பிரசாரம் செய்வதற்குக் காரணம் இதுதான்.

மேலூர் காட்டிய வழி

கிராம சபை என்ன செய்ய முடியும் என்பதற்கு அருப்புக்கோட்டைக்காரர்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். மதுரையைத் தாண்டினால் மேலூர்.

அங்கே அரிட்டாபட்டியை 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. குன்றுகள், ஊற்றுகள், கண்மாய்கள், பழைய கல்வெட்டுகள் நிறைந்த ஊர். 2024 நவம்பரில், அந்த ஊரின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி மத்திய அரசின் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர்.

அந்த மாதம் 23-ம் தேதி நடந்த கிராம சபைகளில் மேலூர் வட்டாரத்தின் பல ஊராட்சிகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ல் ஆயிரக்கணக்கான மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேரணி போனார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணு, முக்கிய, உத்திசார் கனிமங்களுக்கான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று விலக்கு கொடுத்தது. டங்ஸ்டனும் அந்த முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இருக்கிறது. இந்தக் கனிமங்களில் பல பசுமைத் தொழில்நுட்பத்துக்குத் தேவை என்பது உண்மை. அதற்காக அந்த ஊரில் வாழ்கிறவர்களைக் கேட்கவே வேண்டாமா என்பதுதான் எழும் கேள்வி.

சூரிய மின்சாரம் நல்லதுதானே?

நல்லதுதான். வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்த வட்டாரம் அதற்கு ஏற்ற இடமும்கூட. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 2016-ல் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் அதானி சூரிய மின் நிலையம், ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்றைக்கு உலகிலேயே பெரியதாகச் சொல்லப்பட்டது. பரப்பு சுமார் 2,500 ஏக்கர்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. சூரிய ஒளி மின் திட்டங்களுக்கு 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் முன் அனுமதி தேவையில்லை. ஆகவே பொதுமக்கள் கருத்துக்கேட்பும் கிடையாது. வரத்துக்கால் எந்தப் பக்கம் போகிறது, ஆடு மாடு எங்கே மேய்கிறது, மழைத்தண்ணீர் எந்தக் கண்மாய்க்கு இறங்குகிறது என்பதெல்லாம் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் வேலி போட்டால், கரியமில வாயுவைக் குறைக்கும் திட்டமே ஒரு கண்மாயைக் காயப்போடும் ஆபத்து உண்டு.

சபை எல்லாருக்கும் ஆனதா?

ஊர் என்று சொன்னதும் எல்லாம் சமத்துவமாக நடந்துவிடும் என்று நம்பவும் கூடாது. இதே விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலும், மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலமும் சாட்சி. 1996-ல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஆதிக்க சாதியினர் ஏற்காததால், பத்து ஆண்டுகள் அந்த நான்கு ஊராட்சிகளிலும் முறையாக ஒரு தலைவர் பொறுப்பில் இருக்க முடியவில்லை. 2006-ல்தான் அது முடிவுக்கு வந்தது.

தண்ணீரிலும் இதே கணக்குதான். மடை யார் வயல் பக்கம் திறக்கிறது, மீன்பாசி ஏலம் யாருக்குப் போகிறது, கண்மாய்க் கரையில் யார் நடக்கலாம் என்பது சாதியோடு சேர்ந்த கேள்விகள். நிலம் இல்லாதவர்களும் பெண்களும் எழுந்து பேச முடியாத சபை, கண்மாயைப் பற்றி எடுக்கும் முடிவும் ஒருபக்கச் சாய்வாகத்தான் இருக்கும்.

தீர்மானம் போட்டால் போதுமா?

போதாது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி கூடிய 12 கிராம சபைகளும் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தன, திட்டம் நின்றது. அதற்குப் பின்னால் வன உரிமைச் சட்டத்தின் பலம் இருந்தது. கரிசல் காட்டுப் பட்டா நிலத்துக்கும் புறம்போக்குக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. மத்திய அரசு விடும் சுரங்க ஏலத்தைக் கிராம சபைத் தீர்மானம் மட்டும் சட்டப்படி நிறுத்திவிடாது. ஆனால் அது பதிவேட்டில் ஏறிய ஆவணம். நீதிமன்றத்தில் காட்டலாம், ஆட்சியரிடம் காட்டலாம், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமும் காட்டலாம்.

சட்டத்தின் காற்றும் கொஞ்சம் இந்தப் பக்கம் வீசுகிறது. காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 14, 21-வது பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று 2024 மார்ச் 21-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு அரசும் 2022 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, ஆட்சியர்கள் தலைமையில் மாவட்ட அளவிலும் அமைப்பை உருவாக்கியிருக்கிறது. மேலிருந்து வரும் அந்தத் திட்டம் ஊருக்குள் இறங்க வேண்டிய வாசல் கிராம சபைதான்.

ஊருக்குப் போறீங்களா? இதைச் செய்யலாம்

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் 4 நாள்கள் பொது விடுமுறை.

• உங்கள் ஓட்டு ஊரில் இருந்தால் நீங்களும் உறுப்பினர். இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

• உங்கள் ஊர்க் கண்மாய் நீர்வளத் துறையுடையதா, ஒன்றியத்துடையதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிச் சண்டை தவறான ஆபீஸில்தான் வீணாகிறது.

• 'கண்மாயைத் தூர்வார வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த வரத்துக்கால், எந்த மடை, எத்தனை மீட்டர் என்று எழுதிக் கொடுங்கள். போட்டோவும் சர்வே எண்ணும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

• தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் வேண்டாம்.

• நகல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

• பேசத் தயங்கும் அத்தைக்கும் பாட்டிக்கும் மைக் போகிறதா என்று பாருங்கள்.

ஐப்பசியில் மழை இறங்கும்போது வரத்துக்கால் திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா என்பது அதற்கு முந்தைய கூட்டங்களில் யார் எழுந்து கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது. கண்மாய் பெருகுவதற்கு மழை வேண்டும். பெருகிய தண்ணீர் ஊருக்கே நிற்பதற்கு, சபையில் ஆள் வேண்டும்.