தவறாகப் பூட்டப்பட்ட ஆர்.ஓ. இயந்திரமும் அதனைச் சீர்செய்யும் முறையும்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீரில் உப்புடன் புளூரைடும் மிகுந்திருப்பதும், அந்நீரைப் பல்லாண்டு பருகியவர்களின் பற்கள் கறைபட்டு எலும்புகளும் கெடுவதும் குடியானவர்கள் நன்கு அறிந்தனவே. இக்குறையை நீக்கும் பொருட்டு வசதியுள்ளோர் தத்தம் வீடுகளிலும், பஞ்சாயத்தார் பொது இடங்களிலும் ஆர்.ஓ. இயந்திரங்களை அமைத்து வருகின்றனர். இயந்திரம் நல்லதே. ஆயினும், பூட்டுகையில் ஒரு குழாய் இடம் மாறினும், சுத்த நீரென்று நம்பிக் குடிப்பது கிணற்று நீரினும் கெட்டதாய் முடியும். தெளிவைப் பார்த்து இதனை அறிய இயலாது. புளூரைடுக்கு நிறமும் மணமும் இல்லை.

இவ்வியந்திரத்தின் உயிர் மெம்பரேன் எனப்படும் சவ்வாகும். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் இவ்வேலைக்கேற்ற சவ்வை ஆக்கிய இருவரில் ஒருவர் நம் நாட்டினரான சௌரிராஜன் என்பவர். சவ்வு துணியைப் போல் அழுக்கைப் பிடித்து வைப்பதன்று. அழுத்தத்தால் நீரில் ஒரு பங்கு சவ்வின் ஊடே புகுந்து வெளிவர, உப்பு பெரும்பாலும் மிஞ்சிய நீரோடு கழிவுக் குழாய் வழியே சென்றுவிடும். ஆகவே கழிவு நீர் ஓடுவது பழுதன்று. அது வீணாகிறதென்று குழாயை நெரித்துக் கட்டுவோர் சில மாதங்களில் சவ்வின்மேல் உப்புப் படிந்து அடைபடக் காண்பர்.

தண்ணீர் உவர்த்தால் உடனே "மெம்பரேன் போய்விட்டது" என்று புதியது வாங்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் டி.டி.எஸ். மீட்டரால் கிணற்று நீர், குடிநீர், கழிவு நீர் மூன்றையும் அளந்து எழுதுதல் வேண்டும். கிணற்று நீர் லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் உப்புடையதெனக் கொள்வோம். நாலு பங்கில் ஒரு பங்கு குடிநீராகி அதில் 100 நின்றால், கழிவில் ஏறக்குறைய 1,570 இருத்தல் வேண்டும்.

குடிநீரில் 1,200க்கு மேற்பட்ட கணக்கு காட்டினால் குழாய்கள் மாறிவிட்டன என்பது திண்ணம். கழிவே தொட்டியில் நிரம்புகிறது. சவ்வு அடங்கிய உருளையின் மூடிப்பக்கம் நீர் நுழைவழி. மறுபக்கத்து இரு வாய்களில் நடுவிலுள்ளது பொதுவாகக் குடிநீருக்கும், ஓரத்திலுள்ளது கழிவுக்கும் உரியவை.

கணக்கு நூறுக்கும் ஆயிரத்து இருநூறுக்கும் இடையே நிற்குமாயின், கிணற்று நீர் எங்கோ கலக்கிறது. பல இயந்திரங்களில் ருசிக்காகச் சிறிது நீரைச் சவ்வில் புகாமல் சேர்க்கும் திருகு ஒன்று உண்டு. பூட்ட வருபவர் அதனைத் திறந்து விட்டுச் செல்வது உண்டு. புளூரைடு உள்ள ஊர்களில் இதனை முற்றிலும் மூடிவிடல் வேண்டும். மூடியும் குறையாவிடில், சவ்வைக் கழற்றி, அதன் தண்டிலுள்ள இரு சிறு ரப்பர் வளையங்கள் முறுக்கின்றி உட்புறம் நன்கு அமர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

குடிநீர் சொட்டுச் சொட்டாகவும் கழிவு வெள்ளமாகவும் வந்தால், கழிவுக் குழாயில் இருக்கவேண்டிய எப்.ஆர். என்னும் விரலளவுத் தடுப்புத் துண்டு விடுபட்டிருக்கும். அது இன்றி அழுத்தம் ஏற்படாது. பத்தடி உயரத் தொட்டி சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 0.3 கிலோ அழுத்தமே தரும். ஆகையால் பம்பு இன்றியமையாதது. பம்பிலுள்ள அம்புக்குறி சவ்வை நோக்கியிருத்தலும் அவசியம்.

குடிநீர் முன்னிலும் அதிகமாகப் பெருகி, உப்பும் ஏறினால் அதுவே உண்மையான சேதம். பிளீச்சிங் பவுடர் கலந்த நீர் கரி வடிகட்டியைக் கடவாமல் நேரே சவ்வைத் தாக்கியதால் இது நேரும், இதற்குப் பரிகாரமில்லை. சவ்வை மாற்றுமுன் கரி வடிகட்டியை முதலில் வைத்து, அதன் கருநீர் தெளியும்வரை வெளியே ஓடவிட வேண்டும். புதுச் சவ்வில் முதலில் நிரம்பும் நீரையும் கொட்டிவிடல் நலம்.

மீட்டர் மொத்த உப்பையே காட்டும். புளூரைடைத் தனியே காட்டாது. எனவே சீர்செய்தபின் குடிநீரில் ஒரு லிட்டர் எடுத்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லா ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கொடுக்கலாம். இந்திய நியமப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் புளூரைடு விரும்பத்தக்கதன்று. வேறு நீர் கிட்டாவிடில் 1.5 வரை பொறுக்கலாம்.

பொது இயந்திரங்களைப் பொறுத்தமட்டில், கிராமாதிகாரிகள் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை கொடுக்குமுன் மேற்கண்ட மூன்று கணக்குகளையும் தம் முன்னிலையில் அளக்கச் செய்து, தேதியிட்டு இயந்திரத்தின் மேலேயே ஒட்டி வைக்கலாம். கழிவு நீரைப் பாத்திரம் கழுவவும் கக்கூசுக்கும் கொள்ளலாம். வெற்றிலைக் கொடிக்காலுக்கும் நாற்றங்காலுக்கும் விடலாகாது.