ஏட்டில் தங்கிய குரல்

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தூரத்தில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் பெரும் பாறைகளின் குகைகளில் அமைந்திருக்கிறது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என்று மக்கள் வழங்கும் வட்டகாமணி அபய மன்னனின் காலத்தில், அதுவரை பிக்குகளின் நினைவில் மட்டுமே இருந்துவந்த பௌத்தத் திருநூலான பாளித் திரிபிடகம் இங்குதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. எழுதிய செய்தியைத் தீபவம்சமும் மகாவம்சமும் சொல்கின்றன, இடத்தைச் சொல்லவில்லை. அலுவிகாரை என்ற பெயரைத் தருபவை பிற்கால நூல்கள். இடம் எதுவானாலும், ஒரு தொழில்நுட்பம் தன் வேலையை இன்னொன்றிடம் ஒப்படைத்த நிகழ்ச்சி இது. புதிய கருவி வந்ததும் பழையது ஒழிந்துபோகும் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். அலுவிகாரையில் நடந்த கைமாற்றத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்த எண்ணம் பாதிதான் சரி என்று தெரியும். பழையது வேலையை இழக்கிறது. அதன் உருவம் புதியதற்குள் குடிபுகுந்துவிடுகிறது.

மனப்பாடத்தைத் தொழில்நுட்பம் என்று சொல்லலாமா என்று கேட்கலாம். சொல்லலாம். அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள், வேலைப் பிரிவினை இருந்தது, பிழை திருத்தும் முறையும் இருந்தது. பாணகர் எனப்பட்ட ஓதுவார்கள் திரிபிடகத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்: தீக நிகாயம் என்ற தொகுப்புக்கு ஒரு குழு, மஜ்ஜிம நிகாயத்துக்கு ஒரு குழு என்று. கூட்டமாக ஓதும்போது ஒருவர் தவறினால் மற்றவர் குரல் அவரைத் திருத்தும். நூலே நினைவுக்கு ஏற்றபடி அமைந்திருந்தது. ஒரே வாய்பாட்டுத் தொடர் மீண்டும் மீண்டும் வரும். அங்குத்தர நிகாயம் ஒன்று, இரண்டு, மூன்று என எண் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரே பலவீனம், ஆள் செத்தால் நூலும் சாகும். வலகம்பா காலத்துப் போரிலும் பஞ்சத்திலும் அதுதான் நடக்கவிருந்தது. மகாநித்தேசம் என்ற நூலை அறிந்தவர் ஒரே ஒரு பிக்கு என்ற நிலை வந்ததென்றும், அவரோ ஒழுக்கம் கெட்டவர் என்று பெயரெடுத்தவர் என்றும், வேறு வழியின்றி அவரிடமே மற்றவர்கள் பாடம் கேட்டார்கள் என்றும் பிக்குகளின் ஒழுக்கவிதி நூலான வினயத்தின் உரை சொல்கிறது. நூலைக் காப்பாற்ற நல்லவர்தான் வேண்டும் என்று காத்திருக்க அவர்களுக்கு அவகாசம் இல்லை.

இனி ஏட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பனையோலை பெருவழக்கு; ஈரம் மிகுந்த மலைநாட்டில் பயன்பட்டது கூந்தற்பனை, சிங்களத்தில் 'தல'. பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, காய்த்ததும் பட்டுப்போகும் மரம் அது. விரியாத குருத்தோலையை வெட்டி, ஈர்க்கை நீக்கி, சுருட்டிக் கட்டி, பப்பாளி, அன்னாசி இலைகளோடு நீரில் வேகவைப்பார்கள். பின்னர் வெயிலிலும் பனியிலும் உலர்த்தி, வழவழப்பான மரத்தண்டில் மேலும் கீழுமாக இழுத்து மெருகேற்றுவார்கள். சூடான கம்பியால் துளையிட்டு, ஓரங்களை ஒரே அளவாக்கினால் ஏடு தயார். எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கரித்தூளை மரப்பிசின் எண்ணெயில் குழைத்து ஏடு முழுவதும் பூசி, மாவோ தவிடோ தூவித் துடைத்தெடுத்தால் கீறலுக்குள் மட்டும் கருமை நிற்கும். அந்த எண்ணெயே பூச்சியையும் தடுக்கும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து நூலால் கட்டுவார்கள். அந்தச் சட்டங்களில் பல வண்ணம் தீட்டப்பட்டவை.  

இவ்வளவு பாடுபட்டு ஏட்டில் ஏற்றியது எதை? குரலை. ஓதுவதற்காக மீண்டும் மீண்டும் வரும்படி அமைந்த தொடர்கள் ஏட்டுக்குள்ளும் வந்தன. கண்ணால் வாசிப்பவனுக்கு அவை தேவையில்லை. முந்திய ஏட்டைப் புரட்டினால் போதும். ஆனாலும் எழுதியவர்கள் அவற்றை நீக்கத் துணியவில்லை. சுருக்கக்குறி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். திரும்ப வரும் பகுதி தொடங்கும் இடத்தில் 'பே' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். பேய்யாலம் என்ற சொல்லின் முதலெழுத்து அது. அச்சுப் பதிப்புகள் வந்தபோதும் அந்தப் 'பே' போகவில்லை. இன்று கணினித் திரையில் திரிபிடகத்தைத் திறந்தாலும் வரிக்கு நடுவே நிற்கிறது. தமிழிலும் இதுவே நடந்தது. ஓலையில் புள்ளி வைத்தால் பொத்தல் விழும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதினார்கள். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூல் அச்சான பிறகும், ஈய அச்செழுத்துக்குப் பொத்தல் பயம் இல்லாதபோதும், தொடக்ககால அச்சு நூல்கள் பலவற்றில் புள்ளி இல்லை. தட்டச்சு இயந்திரத்தில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம். எழுத்தாணி சென்ற வரிசை அது. ஒருங்குறியோ ககரத்தை முதலிலும் உயிர்க்குறியை அடுத்ததாகவும் சேமிக்கிறது. அப்படியிருந்தும் தட்டச்சு முறை விசைப்பலகை இன்றைய கணினிகளிலும் உண்டு. விரல் கொம்பை முதலில் அடிக்க, மென்பொருள் உள்ளே வரிசையைத் திருப்பி வைத்துக்கொள்கிறது.

இதெல்லாம் பழக்கதோஷம், சோம்பலைப் பெரிதாக்கிப் பேசுகிறீர்கள் என்று ஒருவர் மறுக்கலாம். புள்ளி விஷயத்தில் அவர் சொல்வது சரி. அது பயனற்ற எச்சம். அச்சு தன் வலிமையை உணர்ந்ததும் மறைந்துவிட்டது. ஆனால் எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள். சிங்களமும் தமிழும் ஒடியாவும் வளைந்தோடுவதற்குக் காரணம், நாரின் போக்கில் நேர்கோடு கீறினால் ஓலை கிழியும் என்பதுதான் என்று பலரும் சொல்வார்கள். வங்காளத்திலும் ஓலைதானே, அங்கே மட்டும் தலைக்கோடு எப்படி நேராக இருக்கிறது என்ற கேள்வி எழும். அங்கே கீறவில்லை, மை தொட்டு எழுதினார்கள். ஆக, எழுத்தின் முகத்தை மாற்றியது பொருள் மட்டுமன்று, கருவியும்தான் என்றே நான் கொள்கிறேன். கருவி அன்றாட வழக்கிலிருந்து போய் நூற்றாண்டுக்கு மேலாகிறது. அது கொடுத்த முகம் நம் கைப்பேசித் திரையில் இருக்கிறது. இதைச் சோம்பல் என்று தள்ள முடியாது. வாசிக்கப் பழகிய கண்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது, அவற்றுக்குப் பிடிபடாத உருவத்தில் வரும் எந்தக் கருவியும் நிலைக்காது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மின்வடிவம் முந்தியவற்றின் தொடர்ச்சியே அல்ல, ஒரு நொடியில் ஆயிரம் படி எடுக்கலாம், இனி எதுவும் அழியாது என்பார்கள். படிகளின் எண்ணிக்கை முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயப் படை அடக்கியபோது அலுவிகாரையின் ஏடுகளில் பெரும்பகுதி அழிந்ததாகச் சொல்வார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் சாம்பலாயின. ஆனால் அலுவிகாரை வேறொன்றையும் காட்டுகிறது. வலகம்பா காலத்து ஏடு ஒன்றுகூட இன்று இல்லை. இலங்கையில் கிடைப்பவற்றுள் மிகப் பழையவை 13ஆம் நூற்றாண்டளவினவே. ஏடு அழிந்தும் நூல் பிழைத்ததற்குக் காரணம், தலைமுறைதோறும் உட்கார்ந்து படியெடுத்தவர்கள். வன்தட்டின் ஆயுள் ஏட்டினதைவிட மிகக் குறைவு. கோப்பு வடிவங்களும் காலாவதியாகின்றன. ஆகவே மின்நூலகத்துக்கும் அதே ஆட்கள் வேண்டும், இன்னும் அடிக்கடி வேண்டும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சுவடிகளையும் மின்வடிவாக்கி வருவது பழைய படியெடுப்போரின் தொழிலே. பழைய முறையும் முற்றாக ஒழியவில்லை. பர்மாவின் மிங்குன் சயாதோ என்ற பிக்கு 20ஆம் நூற்றாண்டிலும் திரிபிடகம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்புவித்தார். அலுவிகாரைக்கு வருவோருக்கு இன்றும் எழுத்தாணியால் எழுதிக் காட்டுகிறார்கள்.

பரம்பரை வைத்திய ஏடு, சாதக ஓலை, கோயில் கணக்கு என்று ஏதேனும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். எழுத்து மங்கிவிட்டதென்று மண்ணெண்ணெய் தடவாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் ஒட்டியும் வைக்காதீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஏடு ஏடாகப் படமெடுத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். அதை வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் இருந்தால், அவர் வாசிப்பதையும் இந்த மாதமே ஒலிப்பதிவு செய்துவிடுங்கள்.