மரம் பிடித்த கை மரத்துப் போனால்...! ஜூஜுவாடி ‘ஞாயிற்றுக்கிழமை தச்சர்’களுக்கு ஆபரேஷன் தரும் கட்டாய ஓய்வு

ஓசூர்:

ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகா. அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. இந்தப் பக்கம் சிப்காட். நடுவே லாரி வரிசை, கம்பெனி பஸ், டீக்கடை. ஒரே பெஞ்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும் ஊர் இது.

இங்கே வாரத்தில் ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்களில் சிலருக்கு ஏழாவது நாள் மரத்தோடு சகவாசம். குலத்தொழிலும் அல்ல, கூலித்தொழிலும் அல்ல. ஆசை! அவ்வளவுதான்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை. பழைய மேஜை ஒன்று. உளி நாலு, இழைப்புளி ஒன்று, கொட்டாப்புளி, மூலமட்டம், கைவாள். மெஷின் இறக்கிய பைன் மரப் பெட்டிகளைக் கழித்துக் கட்டும்போது பலகையை விலைக்கு வாங்கி வந்து ஸ்டூல் செய்வார்கள். பேத்திக்கு நடைவண்டி செய்வார்கள். சாமி படத்துக்கு ஒரு ஸ்டாண்டு செய்வார்கள். யாருக்கும் விற்பதில்லை. கேட்டவருக்குச் சும்மா கொடுப்பார்கள். இதில் வீட்டு அம்மாளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இப்படி ஒருவரை எண்ணிப் பாருங்கள். பெயர் எதற்கு? ஷிப்ட்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். வயது 48. கம்பெனியில் நாள் பூரா ‘ஏர் கன்’ பிடித்து போல்ட் முடுக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை உளி.

ஒருநாள் ராத்திரி 2 மணிக்குத் தூக்கம் கலைகிறது. வலது கை மதமதவென்று இருக்கிறது. எறும்பு ஊர்கிற மாதிரி. எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறார். சரியாகிறது. மறுநாளும் அதே கதை.

“ராத்திரி பூரா கைய உதறிக்கிட்டே கெடக்குறாரு. கேட்டா ஒண்ணுமில்லேங்குறாரு” என்று வீட்டு அம்மாள் புலம்புகிற கட்டம் இது.

அப்புறம் உளி நழுவுகிறது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. மரத்தைப் பிடித்த கை, மரத்துப் போய்விட்டது!

சுண்டுவிரல் தப்பும்

இது வாதம் என்று சிலர் தைலம் தேய்ப்பார்கள். காற்று பட்டது என்று சிலர் கட்டுப் போடுவார்கள். எலும்பு தேய்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்பே சொல்லிவிடுவார்.

விஷயம் வேறு. மணிக்கட்டில் ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது. கீழே எட்டு சின்ன எலும்புகள். மேலே கெட்டியான ஒரு நார்ப்பட்டை. அந்தச் சந்து வழியாகத்தான் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், ‘மீடியன்’ என்கிற நரம்பும் உள்ளங்கைக்குப் போகின்றன. உள்ளே வீக்கம் கண்டால் இடம் போதாது. நரம்பு நசுங்கும். டாக்டர்கள் இதைக் ‘கார்ப்பல் டனல்’ என்கிறார்கள்.

கண்டுபிடிக்க ஒரு எளிய அடையாளம் உண்டு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. இவைதான் மரத்துப் போகும். சுண்டுவிரல் தப்பித்துக்கொள்ளும். அதற்குப் போகிற நரம்பு இந்தச் சந்தில் நுழைவதில்லை.

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். சர்க்கரை வியாதிக்காரர், தைராய்டு குறைந்தவர், கர்ப்பிணி ஆகியோருக்கும் வரும். அழுத்திப் பிடிக்கிற வேலை, அதிர்கிற மெஷின், மணிக்கட்டை மடக்கியே வைத்திருக்கிற வேலை எல்லாம் இதைக் கிளப்பிவிடும். நமது ஷிப்ட்காரருக்கு ஆறு நாள் அதிர்கிற மெஷின், ஏழாவது நாள் அழுத்துகிற உளி. கைக்கு லீவே கிடையாது!

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டிப் படுப்பார்கள். ஊசி போட்டும் பார்ப்பார்கள். ஆனால் கட்டைவிரலின் அடியில் இருக்கிற சதை மேடு வற்ற ஆரம்பித்தால் தாமதம் கூடாது. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்தால் பிறகு ஆபரேஷன் செய்தாலும் உணர்ச்சி முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. ‘ஆயுத பூஜை கழியட்டும், போனஸ் வரட்டும்’ என்று தள்ளிப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

கால் மணி நேரம்

ஆபரேஷன் என்றதும் பயப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் கையை மட்டும் மரக்க வைத்துச் செய்வார்கள். அந்த நார்ப்பட்டையை அறுத்து நரம்புக்கு இடம் விடுவார்கள். கால் மணி, இருபது நிமிஷத்தில் முடியும். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? சொல்லாமல் மறைத்தால் ஆபத்து.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். அதுவரை கட்டில் தண்ணீர் படக்கூடாது. கையைத் தொங்கவிடாமல் உயர்த்தி வைக்க வேண்டும். விரல்களை மட்டும் முதல் நாளில் இருந்தே மடக்கி நீட்ட வேண்டும். பலருக்கு ராத்திரி உதறல் சில நாட்களிலேயே நின்றுவிடும். இங்கேதான் வருகிறது வில்லங்கம்!

‘வலி போச்சு, கை சரியாயிடுச்சு’ என்று ஆசாமி மாடிப்படிக்குக் கீழே போய் உட்காருகிறார்.

உளி பிடிக்கிற இடம்

ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியில், வெட்டின இடத்துக்கு இரண்டு பக்கமும், அழுத்தினால் ஒரு வலி இருக்கும். இது சில வாரம் இருக்கலாம், சில மாதமும் இருக்கலாம். உளியின் பிடியை அழுத்தித் தள்ளுவது எந்த இடத்தில்? அதே இடத்தில். இழைப்புளியின் முதுகு உட்காருவது எங்கே? அங்கேயேதான்! மரவேலைக்காரனின் ‘ஆசன’த்தைப் பார்த்து வெட்டின மாதிரி அமைந்துவிட்டது இந்த ஆபரேஷன்.

எழுத்து வேலை பார்க்கிறவர் ஒன்றிரண்டு வாரத்தில் ஆபீசுக்குப் போய்விடலாம். கனமான வேலைக்கு 6 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பிடியின் பலம் பழையபடி வர மாதக் கணக்கு ஆகும். பலம் இல்லாத கையில் கூரான உளி இருந்தால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. இடது கை அதற்கு எதிரே அல்லவா பலகையைப் பிடித்திருக்கிறது!

இதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. டாக்டர் கேட்பது ஒரே கேள்வி. “என்ன வேலை பாக்குறீங்க?”

“அசெம்பிளி லைன் சார்.”

அசெம்பிளி லைனுக்குத் தகுந்த மாதிரி லீவு எழுதுவார். உளியைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? ஷிப்ட்காரர் சொல்லமாட்டார். ‘அது வேலையா என்ன, பொழுதுபோக்குதானே’ என்று நினைப்பு. கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உடன் போகிற வீட்டு அம்மாளே போட்டு உடைத்தால்தான் உண்டு. “ஞாயித்துக்கிழமை ஆனா இவரு உளியத் தூக்கிடுவாரு டாக்டர்!”

100-க்கு 70

இனி பணம்.

இ.எஸ்.ஐ.யில் இருக்கிற தொழிலாளிக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு. சராசரி தினக்கூலியில் 100-க்கு 70. வருஷத்தில் அதிகபட்சம் 91 நாள். ஆறு மாத சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. தொழிலாளி பங்குச் சந்தா 2019 ஜூலை முதல் சம்பளத்தில் முக்கால் சதவீதம். 2017-ல் சம்பள வரம்பு 21 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. ஓவர்டைம் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடுமோ என்று பலருக்குப் பயம். ஓவர்டைம் அந்த வரம்புக் கணக்கில் சேராது. டீக்கடையில் அடிக்கடி சண்டை நடக்கிற விஷயம் என்பதால் இங்கே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. ஓசூரிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஆனால் இந்தப் பணத்துக்கு நிபந்தனைகள் உண்டு. 1948-ம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டத்தில் 64-வது பிரிவாக எழுதி வைத்தார்கள். 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவை வந்திருக்கின்றன. உதவித்தொகை வாங்குகிறவர் டாக்டர் சொன்னபடி வைத்தியம் பார்க்க வேண்டும். குணமாவதைத் தாமதப்படுத்தும் எந்தக் காரியத்தையும் செய்யக்கூடாது. அனுமதி இல்லாமல் வைத்தியம் நடக்கிற பகுதியை விட்டுப் போகவும் கூடாது.

‘எந்தக் காரியத்தையும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். கூலி வாங்கினால்தான் தப்பு என்று அதில் இல்லை. லீவில் இருக்கிற ஆள், பேத்தி நடைவண்டிக்குச் சக்கரம் செதுக்கப் போய் தையல் பிரிந்தால், அதுவும் அந்த வார்த்தைக்குள் அடங்கிவிடும். ‘லீவுதானே, சொந்த ஊரில் போய்ப் படுத்துக்கிடலாம்’ என்று தர்மபுரி பஸ் ஏறுகிறவரும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏற வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி ஆபரேஷனுக்கு முன்பே தன் பேரில் சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கட்டுப் போட்ட கையோடு காண்டிராக்டர் பின்னால் அலைவது கொடுமை!

ஜனாதிபதியும் தச்சரும்

இந்த அவஸ்தைக்கு ஆள் அம்பு, பதவி பவிசு எதுவும் குறுக்கே வராது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர், பொழுதுபோக்காக மரவேலை செய்தவர்.

1981-ல் அவர் பதவியை விட்டு இறங்கியபோது மந்திரிகளும் வெள்ளை மாளிகை ஊழியர்களும் சேர்ந்து கொடுத்த பரிசு என்ன தெரியுமா? தங்கப் பேனா அல்ல. மரவேலைக் கருவிகள்! பிளேன்ஸ் என்கிற தன் சொந்த ஊரில் வீட்டு கார் ஷெட்டையே பட்டறையாக்கிக்கொண்டார். நூற்றுக்கும் மேல் மேஜை, நாற்காலி, கட்டில் செய்தார். சிலவற்றைத் தர்ம காரியத்துக்கு ஏலம் விட்டார்கள். ஏழைகளுக்கு வீடு கட்டுகிற அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் சுத்தியல் பிடித்தார். 2006-ல் மராட்டியத்தில் லோனாவாலா பக்கம் பாடண் என்ற கிராமத்துக்கும் வந்து வீடு கட்டினார். இந்தியா அவருக்குப் புதுசல்ல. அவருடைய தாயார் லில்லியன், 1960-களில் பம்பாய் விக்ரோலியில் தொண்டு நர்சாக வேலை பார்த்தவர். 1978 ஜனவரியில் கார்ட்டர் வந்துபோன அரியானா கிராமத்துக்குக் ‘கார்ட்டர்புரி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

2019 மே மாதம் வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நடந்தது. அக்டோபர் 6-ந் தேதி மறுபடி விழுந்தார். அப்போது அவருக்கு வயது 95. நெற்றியில் 14 தையல். அன்று மாலையே நாஷ்வில் நகரத்துக்குப் போய்விட்டார். மறுநாள் வீங்கிய கண்ணும் கட்டுமாக டிரில் மெஷின் பிடித்து வேலை செய்த அந்தப் படம் உலகம் பூரா பத்திரிகைகளில் வந்தது. ‘பார்த்தீர்களா, வீரத்தை!’ என்று எல்லோரும் எழுதினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவு பேருக்கு ஞாபகம் இல்லை. அதே மாதம் 21-ந் தேதி மூன்றாவது முறை விழுந்து இடுப்பெலும்பில் கீறல் விட்டது. விழுந்த அடியால் மூளைமேல் ரத்தம் கசிந்து, நவம்பர் 12-ந் தேதி தலையில் ஆபரேஷன் செய்யவேண்டி வந்தது. நாஷ்வில் போனதால்தான் இது வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தை வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, தையலோடு உளியை எடுக்க நினைப்பவர்கள், நவம்பர் மாதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த ஆபரேஷனிலும் பிழைத்து, 2024 டிசம்பர் 29-ந் தேதி தன் 100-வது வயதில்தான் கார்ட்டர் காலமானார்.

ரம்பத்துக்கும் ஓய்வு

கடைசியாக, மாடிப்படி மூலை. இரண்டு மூன்று மாதம் ஆள் தொடாத பட்டறையில் முதலில் கெடுவது இரும்பு. ஓசூர் குளிருக்கும் மழைக்கும் உளியில் துரு ஏற ஒரு வாரம் போதும். ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே உளி, ரம்பம், இழைப்புளித் தகடு எல்லாவற்றையும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்துவிட வேண்டும். இழைப்புளித் தகட்டை உள்ளே இழுத்து விட வேண்டும். பசை போட்டு இறுக்கி வைத்த வேலையைப் பாதியில் விடக்கூடாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டு அவசியம். தாத்தா இல்லாத நேரத்தில்தான் பேரனுக்கு உளி கண்ணில் படும்.

பச்சைப் பலகை இருந்தால் தரையில் அப்படியே போடாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சக்கை கொடுத்து, காற்றோட்டமாக அடுக்கிவிட்டுப் போகலாம். ஒரு அங்குல கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது மரம் காய மரவேலைக்காரர்கள் போடும் பழைய கணக்கு. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் வாங்கிப் போட்ட பலகை, கை சரியாகி ஷிப்ட்காரர் மாடிப்படிக்குக் கீழே குனிகிற நாளிலும் ஈரமாகத்தான் இருக்கும்.