ரகசியத்தோடு போன கிறிஸ்துமஸ் பீர்

கோப்பையில் ஊற்றியதும் முதலில் ஏமாற்றுவது நிறம். ஏறக்குறைய டிகாக்‌ஷன் கறுப்பு. விளக்குக்கு நேரே பிடித்தால்தான் ஓரங்களில் மாதுளைச் சிவப்பு தெரியும். மேலே இளம்பழுப்பு நுரை. முகர்ந்தால் கருப்பட்டிப் பாகும் வறுத்த தானியமும். அதற்குப் பின்னால், பக்கத்து வீட்டில் யாரோ மசாலா டப்பாவைத் திறந்து மூடியதுபோல ஒரு நொடி வாசம். பட்டையா, கிராம்பா, ஜாதிக்காயா? அடுத்த மடக்கில் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஆங்கர் ஆலை, தன் கிறிஸ்துமஸ் ஏல் மூலம் ரசிகர்களோடு ஆடிய விளையாட்டு இது. 1975 முதல் 2022 வரை, மொத்தம் 48 முறை, இந்த பீர் நவம்பரில் கடைக்கு வந்து புத்தாண்டு முடிந்த கையோடு மறைந்துபோனது. செய்முறை ஆண்டுதோறும் மாறும். லேபிளில் உள்ள மரமும் மாறும். மாறாதது ஒன்றுதான்: உள்ளே என்ன மசாலா என்பதை ஆலை சொன்னதே இல்லை.

இதைத் தொடங்கி வைத்தவர் ஃபிரிட்ஸ் மேடாக். வாஷிங் மெஷினுக்குப் பெயர்பெற்ற குடும்பத்து வாரிசு. மூடும் நிலையில் இருந்த ஆங்கரின் பெரும்பங்கை 1965இல் வாங்கியவர். பெரிய கம்பெனிகளின் வெளிறிய, லேசான பீர்தான் பீர் என்று அமெரிக்கா நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வாசனைப் பொருள் சேர்த்த பீரைக் குளிர்காலத்தில் பகிர்ந்து குடிப்பது இங்கிலாந்தின் பழைய வழக்கம். அது 1980களின் பிற்பகுதியில் ஆங்கர் பாட்டிலுக்குள்ளும் புகுந்தது.

ஆனால் இது மசாலா பானம் அல்ல. ருசியின் அஸ்திவாரம் மால்ட்தான். கேழ்வரகை முளைகட்டி வறுப்பதுபோல, பார்லியை முளைக்க வைத்து உலர்த்தினால் மால்ட். வறுக்கும் பதம் கூடக்கூட பிஸ்கட், கேரமல், கோகோ என்று சுவை இருண்டுகொண்டே போகும். நாக்கில் முதலில் படுவது அந்த இனிப்பு. நடுவில் மசாலா எட்டிப் பார்க்கிறது. ஹாப்ஸின் மெல்லிய கசப்பு வந்து தித்திப்பைத் துடைத்துவிட்டுப் போகிறது. மசாலா ஒரு சிட்டிகை கூடினாலும் கஷாயமாகியிருக்கும். அந்தக் கட்டுப்பாடுதான் கைத்திறன்.

குடிக்கும் முறையும் வேறு. நம் ஊர் பார்களில் பீர் என்றால் பாட்டில் வியர்க்க வேண்டும். இதை அப்படிக் குளிரவைத்தால் வாசனை உறைந்து, வெறும் இனிப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். கோப்பை சூடேற ஏற மசாலா ஒவ்வொன்றாக வெளியே வரும்.

சிலர் இன்னும் அதிகம் காத்திருந்தார்கள், ஆண்டுக்கணக்கில். ஒவ்வொரு ஆண்டின் பாட்டிலையும் பத்திரப்படுத்தி, பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ருசித்தார்கள். வயது ஏறினால் மசாலாவின் முனை மழுங்கி, உலர் திராட்சை போன்ற கனிவு மிஞ்சும்.

அந்த வரிசைதான் அறுந்தது. 2017இல் ஆங்கரை வாங்கிய ஜப்பானின் சப்போரோ நிறுவனம், கிறிஸ்துமஸ் ஏலை இனித் தயாரிப்பதில்லை என்று 2023 ஜூனில் அறிவித்தது. அடுத்த மாதமே ஆலையையும் மூடுவதாகச் சொன்னது. விற்பனைச் சரிவு காரணமாகக் காட்டப்பட்டது. 2024 மே மாதம் சோபானி தயிர் நிறுவனத்தின் அதிபர் ஹம்தி உலுகாயா ஆங்கரை வாங்கியபோது, ரசிகர்கள் முதலில் விசாரித்தவற்றில் கிறிஸ்துமஸ் ஏலும் ஒன்று.

போன வருடத்து ருசி திரும்பாது என்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். அடுத்த வருடம் வேறொன்று வரும் என்ற உத்தரவாதம்தான் அவர்களைக் காத்திருக்க வைத்தது. 2023 நவம்பரில் அது வரவில்லை. அலமாரிகளில் மிஞ்சியிருப்பது 2022இன் பாட்டில்கள். அவற்றுக்குள்ளும் மசாலா மெல்ல மங்கிக்கொண்டிருக்கிறது. என்ன மசாலா என்று யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்பே.